மூன்றாம் மரியாதையும் கூடையில் கிடந்த போனும்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, சித்திரை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளாங்கரைப்பட்டி மந்தைச் சாவடியில் இருந்தவர்கள்: கைப்பேசி ஒழுங்குக் குழுத் தலைவர் காளை; செயலாளர் வெள்ளைத்துரை; மதுரை தல்லாகுளத்திலிருந்து வாடகைக் காரில் வந்திருந்த சிறப்பு விருந்தினர் கோகுல்நாத்; மூன்றாம் வகையறாவின் மூத்தவர் முத்திருளன்; அவருடைய மகன் பாண்டியராஜன்; நான்காம் வகையறா மலையாண்டி; வாசலோரம் தேங்காய்க்கடை சோலையம்மாள்; பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லாத தலைக்கட்டுக்காரர்கள் நாற்பத்தொரு பேர். செல்போன்கள் நாற்பத்தேழு. முத்திருளனிடமும் சோலையம்மாளிடமும் போன் இல்லை. காளையிடம் இரண்டு இருந்தன.

குழு எதற்காக ஏற்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி போகிற சாலையில் டவர் நட்ட பிறகு ஊரில் சில காரியங்கள் நடந்தன. பாண்டியராஜன் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நின்று போன் பேசப் போனதில், பக்கத்து வயல் கடலைச் செடி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. வெள்ளைத்துரையின் மருமகன் பேசிக்கொண்டே வண்டியைக் கண்மாய்க்குள் விட்டார். கரையேறி வந்து, பாதியில் நின்ற பேச்சை இன்னொருவர் போனில் முடித்தார். தை மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி, "பொறு மாப்ள, ஒரு நிமிசத்துல கூப்புடுறேன்" என்றார். மேளக்காரர்கள் கெட்டிமேளத்தைப் பாதியில் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த ஊர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தது. முடிவு கட்ட ஒரு குழு வேண்டும். போனைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியுமோ அவர்களையே போட வேண்டும் என்று சொல்லி, ஊரில் அதிகம் போன் பேசுகிற காளையையும் வெள்ளைத்துரையையும் போட்டார்கள்.

முத்திருளன் அந்தக் கூட்டத்துக்கு வந்தது போனைப் பற்றிய கவலையால் அல்ல. கூட்ட அறிவிப்பின் கடைசி வரியில் 'புரவியெடுப்பு மரியாதை முறை குறித்தும் முடிவெடுக்கப்படும்' என்று இருந்தது.

வெள்ளாங்கரைப்பட்டியில் வைகாசி மாதம் அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பார்கள். குதிரைகளை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் நிறுத்தி, கண் திறந்து, தூக்குவதற்கு முன்னால் மூன்று வகையறாக்களுக்கு மரியாதை செய்வது வழக்கம். ஊர்த்தலைவர் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்; முன்பு காளையின் அப்பா, இப்போது காளை. மூன்றாவதற்குள் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து முன்னால் வரவேண்டும். வந்தவருக்கு வெற்றிலை பாக்கு, ஒரு மூடித் தேங்காய், தலையில் பரிவட்டம். முதல் மரியாதை வாங்கியவர் குடை பிடிப்பார். இரண்டாம் மரியாதை வாங்கியவர் அந்தக் குடைக்குப் பக்கத்தில் நடப்பார். மூன்றாம் மரியாதை வாங்கியவர் தலைக்குதிரையின் இடது முன்கம்புக்குத் தோள் கொடுப்பார். அந்தத் தோள் படாமல் குதிரை எழும்பாது. அந்த இடத்தில் வேறொருவர் தோள் வைக்கவும் கூடாது. மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் மரியாதை அடுத்த வகையறாவுக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

முத்திருளனின் தாத்தாவைக் காய்ச்சலில் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மூன்றாவது அழைப்புக்கு அவர் "இருக்கேன்" என்று சொல்லி எழுந்து, குதிரைக்குத் தோள் கொடுத்து, மறுநாள் செத்துப்போனார். வீட்டில் அதைத் துக்கமாகச் சொல்வதில்லை.

முதலில் கோகுல்நாத் பேசினார். தல்லாகுளத்தில் கைப்பேசி மீட்பு ஆலோசனை மையம் நடத்துகிறவர். ஒலிபெருக்கியை வலது கையிலும் போனை இடது கையிலும் பிடித்துக்கொண்டார்.

"பெரியோர்களே, செல்போன் என்பது ஒரு நோய். நான் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் இந்த நோயைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன். குடும்பத்தோடு பேசுங்கள். என் மனைவி அலர்மேல்மங்கை அடுப்படியிலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் போன் போட்டுத்தான் கூப்பிடுவார். மூன்றாவது ரிங்கில் எடுத்துவிடுவேன். அதுதான் கட்டுப்பாடு. என் மகள் வித்யாஸ்ரீ எந்த வகுப்பு படிக்கிறாள் என்று ஒருவர் கேட்டார். உடனே போனில் பார்த்துச் சொன்னேன். அதுதான் அக்கறை. ஒரு நிமிடம்..."

போன் அடித்தது. அவர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்காமலே, "மீட்டிங்ல இருக்கேன், சொல்லுங்க" என்றார். யாரோ ஒருவருடைய குடும்பத் தகராறு நான்கு நிமிடம் ஊருக்கே கேட்டது. முடிந்ததும் கைதட்டினார்கள்.

பிறகு வெள்ளைத்துரை தீர்மானங்களைப் படித்தார். நான்காவது தீர்மானம்: சாமி காரியம் நடக்கும்போது மந்தையைச் சுற்றிக் கட்டும் கயிற்றுக்குள் செல்போன் கூடாது. தோரண வாயிலில் வைக்கப்படும் கூடையில் போட்டுவிட்டு வரவேண்டும். குழு நிர்வாகிகளுக்கு மட்டும் விலக்கு. ஏழாவது தீர்மானம்: மரியாதைக்கு வாயால் கூப்பிட்டால் கூப்பிட்டதற்கு ஆதாரம் இல்லாததாலும், போன வருடம் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று இரண்டாம் வகையறா தகராறு செய்ததாலும், இனி மரியாதை அழைப்பு செல்போனில் மூன்று முறை விடுக்கப்படும். எடுக்காதவர் வராதவராகக் கருதப்படுவார்.

நான்காவதைப் படித்தபோது பாதிப்பேர் போனில் இருந்தார்கள். ஏழாவதைப் படித்தபோது மீதிப்பேர் இருந்தார்கள். இரண்டையும் கேட்டவர் முத்திருளன் ஒருவர்தான். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏப்பா காளை, போனக் கூடையில போட்டுட்டு உள்ள வரச் சொல்ற. உள்ள வந்தவன அதே போன்ல கூப்புடுவேங்குற. கூடையில கெடக்குறத எப்படி எடுக்குறது?"

"அண்ணே, ஒவ்வொரு தீர்மானத்தையும் தனித்தனியாத்தான் பாக்கணும். சேத்துப் பாத்தா கொழப்பம் வரும்."

"எனக்குப் போனே இல்ல."

வெள்ளைத்துரை பதிவேட்டைப் புரட்டினார். "அப்படின்னா பெரியப்பா, ஒங்க பேரு ஏறாது. நம்பர் போட ஒரு கட்டம் இருக்கு. கட்டத்தைச் சும்மா விடக் கூடாது."

"செல்போன் வேணாம்னு சொல்ற குழுவுல பேரு ஏறச் செல்போன் வேணுமா?"

"ஆமா. இல்லாதவுக வேணாம்னு சொன்னா அதுக்கு என்ன மதிப்பு?" என்றார் காளை. "வேற கேள்வி இருந்தா எஸ்எம்எஸ்ல அனுப்புங்கண்ணே."

மறுநாள் முத்திருளன் மேலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் போன் வாங்கினார். பாண்டியராஜன் கூடப் போனார். அறுபத்தெட்டு வயதுவரை தன் கையெழுத்தையும் போட்டோவையும் யாருக்கும் கொடுக்காத மனிதர், சிம் கார்டுக்காக இரண்டையும் கொடுத்தார். மணி அடிக்க என்ன சத்தம் வைக்க என்று கடைக்காரர் கேட்டார். சினிமாப் பாட்டு நம் வீட்டில் அடிக்கக் கூடாது என்றார் முத்திருளன். கோயில் மணியோசை வைத்தார்கள்.

அன்றிலிருந்து குழு அவருக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியது. காலை ஐந்தரைக்கு ஒன்று: 'எழுந்தவுடன் செல்போனைப் பார்க்காதீர்கள்.' சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று: 'சாப்பிடும்போது செல்போனைப் பார்க்காதீர்கள்.' ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடத்துக்குள் 'பார்த்தேன்' என்று பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு ஒழுக்கப் பதிவேட்டில் கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் மரியாதைப் பட்டியலில் பேர் இருக்காது.

செய்திகள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக வந்தன. முத்திருளனுக்கு இரண்டு மொழியிலும் அது புரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த மகனைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார். பாண்டியராஜன் தன் போனிலிருந்து தலையை எடுக்காமல், "இந்தா, வெவரமா அனுப்புறேன்" என்றார். விவரம் அப்பாவின் போனுக்கு வந்தது. அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

நெல்லுக்குத் தண்ணீர் மாற்றும்போது போனைத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார். அது தலைக்குள் அடித்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடி, மகன் காட்டிக் கொடுத்தபடி 'பார்த்தேன்' அனுப்பினார். குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தார். மனைவி சீனியம்மாள் பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் வாய் திறந்தார்.

"கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருசத்துல, நான் கூப்புட்டு ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கீகளா? அது கூப்புட்டா சோப்போட ஓடி வாரீக."

"மரியாதை போயிரும்டி."

"அது எப்பயோ போயிருச்சு. சோப்பக் கழுவிட்டு வாங்க."

விழாவுக்கு மூன்று நாள் முன்பு வெள்ளைத்துரை பைக்கில் போய்க்கொண்டே ஒரு செய்தி அடித்தார். சோலையம்மாளின் தேங்காய்க் குவியலில் மோதி விழுந்தார். ஊருக்கு வந்து சேர்ந்த செய்தி: 'வண்டி ஓட்டும்போது செல்போ.' நாற்பத்தாறு பேர் 'பார்த்தேன்' என்று பதில் அனுப்பினார்கள். எழுந்து வந்து பார்த்தவர் சோலையம்மாள் ஒருவர்தான்.

வைகாசி பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. மந்தையில் ஏழு குதிரைகள் வைக்கோல் பிரியால் கம்புகளில் கட்டப்பட்டு நின்றன. தோரண வாயிலில் சோலையம்மாள் கடையை ஒட்டி ஒரு பெரிய பனையோலைக் கூடை வைத்திருந்தார்கள். 'கைப்பேசியை இங்கே துறக்கவும்' என்று அட்டையில் எழுதியிருந்தது. துறந்ததைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சோலையம்மாளிடமே கொடுத்திருந்தார்கள்.

முத்திருளன் கூடைமுன் நின்றார். போட்டால் ஏழாவது தீர்மானப்படி மரியாதை போய்விடும். போடாவிட்டால் நான்காவது தீர்மானத்தை மீறியவன் என்று ஆகும். அவர் வகையறாவில் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவன் என்று ஒரு பேர் இதுவரை இல்லை. போனை இடுப்பிலிருந்து எடுத்துக் கூடையில் வைத்தார். அந்தப் பெரிய கூடையின் அடியில் அது மட்டும் கிடந்தது.

"மத்தவுகளோடதெல்லாம் எங்க ஆத்தா?"

"எல்லாரும் மடியில கட்டிக்கிட்டு உள்ள போயிட்டாகண்ணே," என்றார் சோலையம்மாள். "காலையில இருந்து இந்தக் கூடையில விழுந்தது நீங்க ஒருத்தருதான்."

உள்ளே பூசாரி குதிரைகளுக்குக் கண் திறந்தார். குலவை ஓய்ந்தது. காளை மேடையில் ஏறினார். முதல் மரியாதை அவருடைய வகையறாவுக்கு உரியது. வலக்கையிலிருந்த போனில் எண்ணை அழுத்தினார். இடக்கையிலிருந்த போன் அடித்தது. அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"காளை இருக்காகளா?" என்று வலப்பக்கம் கேட்டார்.

"இருக்கேன்" என்று இடப்பக்கம் சொன்னார்.

வெள்ளைத்துரை அவருக்குப் பரிவட்டம் கட்டினார். பிறகு காளை இரண்டாம் மரியாதைக்காக, ஒரு முழம் தள்ளி நின்ற இரண்டாம் வகையறா வெள்ளைத்துரையைப் போனில் கூப்பிட்டார். வெள்ளைத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஹலோ, யாரு பேசுறது?" என்றார். அவருக்கும் கட்டியாயிற்று.

மூன்றாவது அழைப்பு போயிற்று. முத்திருளன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காளைக்கு நேர் எதிரே, எட்டடி தூரத்தில் நின்றார். காளை போனைக் காதில் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தோரண வாயில் பக்கமிருந்து கோயில் மணியோசை கேட்டது. கூட்டத்தில் பாதி அந்தத் திசையில் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இருக்கேன்" என்றார் முத்திருளன்.

"அண்ணே, லைன்ல இருக்கேன். பேசாதீக" என்றார் காளை. மணி நின்றது. "ஒண்ணு. எடுக்கல."

"நான் இங்கனதான்ப்பா நிக்கிறேன்."

"நிக்கிறீக, சரி. யாரு இல்லன்னா? எடுக்கலையே."

இரண்டாவது முறை அழுத்தினார். மணியோசை வந்தது, நின்றது. "ரெண்டு. எடுக்கல." வெள்ளைத்துரை பதிவேட்டில் நேரத்தோடு குறித்தார்.

முத்திருளன் மகனைத் தேடினார். வாயிலுக்கு ஓடச் சொன்னால் ஓடிவிடுவான். பாண்டியராஜன் குதிரைகளைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்ப, சிக்னல் தேடிக் கண்மாய்க் கரைக்குப் போயிருந்தார். தானே ஓடலாம். ஓடினால், கூப்பிட்ட நேரத்தில் கயிற்றுக்குள் இல்லாதவன் என்று ஆகும். அவர் அசையாமல் நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை மீசையில் இறங்கியது. பக்கத்தில் நின்ற மலையாண்டி, அடுத்து தன் பேர்தான் என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது முறை மணி அடித்தது. நான்காவது ஓசையில் நின்றது. காளையின் முகம் மாறியது. போனுக்குள்ளிருந்து ஒரு குரல் அவர் காதைத் தாண்டி முன்வரிசைவரை கேட்டது.

"எவன்டா அது, சாமி கும்புடுற நேரத்துல சும்மா சும்மா அடிக்கிறவன்? அவரு மந்தையில நிக்கிறாரு. கண்ணு இருந்தா பாத்துக்க."

காளை போனை வைத்தார். குழு உடனே மேடையிலேயே கூடியது. அழைப்பு எடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே மூன்றாம் வகையறா வந்திருக்கிறது. மலையாண்டிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எடுத்த குரல் சோலையம்மாளுடையது. பெண்பிள்ளைக்குப் பரிவட்டம் கட்டும் வழக்கம் இல்லை. கோகுல்நாத்திடம் போனில் ஆலோசனை கேட்டார்கள். அவர் கேட்டுவிட்டு, அழைப்பில் இரண்டு பக்கம் உண்டு, ஒன்று பேசுபவர், இன்னொன்று கருவி, பேசுபவர் தகுதி இல்லாதபோது கருவியைக் கணக்கில் எடுக்கலாம் என்றார்.

மேளம் தோரண வாயிலை நோக்கிப் போயிற்று. தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி, கூடையிலிருந்த போனை எடுத்து அதன்மேல் வைத்து, ஒரு மூடித் தேங்காயைப் பக்கத்தில் வைத்தார்கள். பரிவட்டத் துணி போனுக்குப் பெரிதாக இருந்ததால் வெள்ளைத்துரை அதை எட்டுச் சுற்றுச் சுற்றினார். பூசாரி தயங்கித் தயங்கி விபூதியைத் தூவினார். காளை பேட்டரி ஒலிபெருக்கியில் பேசினார்.

"ஊர்ப் பெரியவர்களே, இந்தக் குழு யாருடைய மரியாதையையும் பறிக்காது. நான் இரண்டு போன் வைத்திருப்பவன். போனுடைய அருமை எனக்குத் தெரியும். முத்திருளன் அண்ணன் வீட்டு மரியாதை முறைப்படி அவருடைய நம்பருக்கு வழங்கப்பட்டது. செல்போனுக்கு நாம் அடிமையாகக் கூடாது என்பதற்கு இந்த ஊர் ஓர் எடுத்துக்காட்டு."

கைதட்டினார்கள். நாலைந்து பேர் மடியிலிருந்து போனை எடுத்துப் போனைப் படம் பிடித்தார்கள்.

வெள்ளைத்துரை தாம்பாளத்தை முத்திருளனிடம் நீட்டினார். "பெரியப்பா, வாங்கிக்கங்க. ஒங்க பேர்ல ஏறியாச்சு. பதிவேட்டுல சுத்தமா இருக்கு."

முத்திருளன் தாம்பாளத்தைப் பார்த்தார். பரிவட்டத்துக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் மரியாதை வீட்டுக்கு வந்துவிடும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்குக் கட்டலையே. யாருக்குக் கட்டுனீகளோ அவுகளே இருக்கட்டும்." துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டார். "வெயிலு ஏறுது. குதிரையத் தூக்கச் சொல்லுங்க."

குதிரைக்கு ஆட்கள் வந்தார்கள். வலது முன்கம்பு, பின்கம்புகள் எல்லாவற்றிலும் தோள் விழுந்தது. இடது முன்கம்பு காலியாக இருந்தது. அங்கே நிற்க வேண்டியவர் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் படுத்திருந்தார்.

காளை மலையாண்டியைப் பார்த்தார். "நீ கொஞ்சம் தோள் குடு மாப்ள."

"பரிவட்டம் எனக்குக் கட்டலண்ணே. கட்டாத தோளக் குடுத்தா சாமிக் குத்தம்" என்றார் மலையாண்டி. "நீங்க குடுங்களேன்."

"நான் கொடை பிடிக்கணும்ல."

குழு போனைத் தாம்பாளத்தோடு கம்பின்மேல் வைத்துப் பார்த்தது. மற்ற ஆட்கள் "தூக்கு" என்று ஒரு தடவை தூக்கினார்கள். குதிரை இடப்பக்கம் சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். இறக்கிவிட்டார்கள். போன் புழுதியில் உருண்டது. சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவருடைய முதுகு குலுங்கியது.

அரைமணி நேரம் ஆயிற்று. சுட்ட மண்ணாக இருந்தாலும் குதிரைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காளை இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார், அழுத்தினார், பிறகு இரண்டையும் சட்டைப்பையில் போட்டார். மேடையிலிருந்து இறங்கி முத்திருளன் முன்னால் வந்தார்.

"அண்ணே, வந்து தோள் குடுங்க."

"கூப்புட்டா வருவேன்."

"கூப்புட்டுக்கிட்டுத்தானண்ணே இருக்கேன்."

"ஒங்க அப்பா கூப்புட்ட மாதிரி கூப்புடு."

காளை கையைக் காதுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லாததால் கீழே இறக்கினார். மூன்றாம் வகையறா முத்திருளன் என்று ஒரு முறை சொன்னார். அது மேடைக்குக்கூடக் கேட்கவில்லை. முத்திருளன் அசையவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது முன்வரிசைக்குக் கேட்டது. யாருடைய மடியிலோ போன் அடிக்க, நானூறு பேரும் தங்கள் இடுப்பைத் தடவிக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை காளை கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். கண்மாய்க் கரையில் நின்ற பாண்டியராஜன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கேன்" என்றார் முத்திருளன்.

புழுதியில் கிடந்த துணியை மலையாண்டி எடுத்து உதறிக் கொடுத்தார். பூசாரி அதைக் கட்டினார். முத்திருளன் இடது முன்கம்புக்குள் தோளை நுழைத்தார். குதிரை எழும்பியது.

அன்றைக்கு அந்தப் பெரியவரின் குடும்ப மரியாதைக்கு மதிப்புக் கொடுத்து, காளை மனம் திருந்தித் தன் இரண்டு செல்போன்களையும் ஊரறிய அணைத்துவிட்டு வாயால் கூப்பிட்டார் என்று கொட்டாம்பட்டி வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. முதல் நாள் இரவிலிருந்து ஊரில் கரண்டு இல்லை. இரண்டு போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது.